மூணு காலும் ஆடுதா பாஸ்?

உங்க டிபார்ட்மென்ட் அலமாரியில ஒண்ணு இருக்கும். போட்டோகிராபி கிளப் ரூம்ல ஒண்ணு சாஞ்சு நிக்கும். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில, கிரிக்கெட் பேட்டுக்கும் கம்பி உடைஞ்ச குடைக்கும் நடுவுல கட்டாயம் ஒண்ணு படுத்திருக்கும். ஒரு காலில் பிரவுன் டேப், இன்னொரு காலில் ரப்பர் பேண்டு, தலையில் நாலா மடிச்சுச் சொருகின பஸ் டிக்கெட்... கேமரா ட்ரைபாட் என்று அதற்குப் பெயர்!

வாங்கின அன்னிக்கு கெத்தாத்தான் இருந்திருக்கும். அப்புறம் ரெண்டு ஃபேர்வெல், ஒரு கல்ச்சுரல்ஸ், நாலு ஷார்ட் ஃபிலிம், சீனியர் அக்கா கல்யாணம் ஒண்ணு. முடிஞ்சது கதை. இப்போ நிக்க வெச்சா, ஓணான் மாதிரி தலையை ஆட்டுது. 'தூக்கிப் போடு மச்சி, ஆன்லைன்ல ஆயிரத்து ஐந்நூறுக்குப் புதுசு வருது'ன்னு ஒருத்தன் சொல்வான். சொல்றவன் காசு கொடுக்கப் போறதில்ல!

வில்லியனூர், பாகூர் பக்கம் படிக்கிற நம்மள்ல நிறைய பேருக்கு இது வெறும் ஹாபி விஷயம் கிடையாது. முகூர்த்த நாள்ல மண்டபத்துக்கு அசிஸ்டென்ட்டா போய், அந்தக் காசுல பஸ் பாஸும் எக்ஸாம் ஃபீஸும் கட்டுறவங்க இருக்காங்க. கேமரா ஓனரோடது. 60,000 ரூபாய் பொருள், 20 ரூபாய் பிளாஸ்டிக் கிளிப்பை நம்பி அஞ்சடி உயரத்துல உட்கார்ந்திருக்கு. அந்தக் கிளிப் நழுவினா யார் தலையில விழும்னு உங்களுக்கே தெரியும். அதனால, ஆடுற ட்ரைபாடை ரிப்பேர் பண்றதா, மாத்துறதா என்பதை உட்கார்ந்து நிதானமா முடிவு பண்ணலாம். வாங்க!

நாலு கால் ஆடலாம், மூணு கால் ஆடக்கூடாது

மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும். நாலு கால் ஸ்டூலைக் கரடுமுரடான தரையில போட்டா ஒரு கால் தூக்கிக்கும், ஆடும். மூணு காலை எங்கே வெச்சாலும் மூணும் தரையைத் தொடும். மூணு புள்ளி சேர்ந்தா ஒரு தளம், அவ்வளவுதான் ஜியோமிதி. அடுப்புக்கு மூணு கல் வைக்கிற நம்ம ஆயாவுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும்.

அப்படின்னா உங்க ட்ரைபாட் ஏன் ஆடுது? தரையைக் குறை சொல்ல முடியாது. ஏதோ ஒரு மூட்டுல லூஸ். ட்ரைபாட்ல மொத்தமே அஞ்சாறு வகை மூட்டுதான்: கால் நீளுற இடத்துல லாக், மூணு காலும் சேருற உச்சிக் கட்டை, நடுத் தண்டு, தலை, கேமராவைப் பிடிக்கிற பிளேட், கீழே ரப்பர் பாதம். வீடியோ டைப்பா இருந்தா காலுக்கு நடுவுல குறுக்குப் பட்டைகளும் உண்டு. இதுல எது போச்சுன்னு தெரியாம 'ட்ரைபாடே போச்சு'ன்னு சொல்றது, செருப்பு வார் அறுந்ததுக்கு ஊரையே காலி பண்ற மாதிரி.

கண்டுபிடிக்கிற வழி ஈஸி. காலை முழுசா நீட்டி நிறுத்துங்க. தலையைப் பிடிச்சு மெதுவா இடமும் வலமும் முறுக்குங்க. இன்னொரு கை ஒவ்வொரு மூட்டா தொட்டுட்டு வரணும். எங்கே 'டிக்'னு ஒரு அசைவு விரல்ல படுதோ, குற்றவாளி அங்கேதான். கேட்காத சத்தத்தை விரல் கேட்கும். இன்னும் கறாரா பார்க்கணும்னா, லேசர் டார்ச்சைத் தலையில டேப் போட்டு ஒட்டி, 5 மீட்டர் தள்ளி இருக்கிற சுவர்ல புள்ளியைப் பாருங்க (யார் கண்ணுலயும் அடிச்சிடாதீங்க!). லேசா தட்டினா புள்ளி 1 சென்டிமீட்டர் நகருதா? அது 0.1 டிகிரிக்கும் கொஞ்சம் மேல. 'இவ்ளோதானா'ன்னு தோணும். ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 200 எம்.எம். லென்ஸ் போட்டு ஹெச்.டி. வீடியோ எடுத்தா, அந்த 0.1 டிகிரிதான் ஸ்கிரீன்ல ஏறக்குறைய 20 பிக்ஸல் குதிக்கும். மாப்பிள்ளை தாலி கட்டுற நேரத்துல மண்டபமே நிலநடுக்கத்துல இருக்கிற மாதிரி தெரியுறதுக்கு இதுதான் காரணம்.

ஒரு விஷயம். பாதி ட்ரைபாடுகளுக்கு வியாதியே இருக்காது, நாம பயன்படுத்துற விதம்தான் வியாதி. நடுத் தண்டை முழுசா ஏத்தி வெச்சா, அது மூணு கால் மேல நிக்கிற ஒத்தைக் கால். வளையுற அளவு நீளத்தோட மும்மடிக்கு ஏறும். 15 சென்டிமீட்டர் ஏத்துற இடத்துல 30 ஏத்தினா, அதே காத்துக்கு எட்டு மடங்கு அசைவு! தண்டை இறக்குங்க. கால்ல கடைசியா வர்ற, பென்சில் மாதிரி ஒல்லியான பகுதியை நீட்டாம விடுங்க. நடுவுல கொக்கி இருந்தா பேக்கை மாட்டுங்க, பேக் தரையை லேசா தொடட்டும், இல்லேன்னா காத்துல அதுவே ஊஞ்சல் ஆடும். இதுக்கு அப்புறமும் ஆடினாத்தான் ஸ்பேனரை எடுக்கணும்.

கால் இன்ச் ரகசியம்

ட்ரைபாட்ல அதிகமா சாகிறது காலோ தலையோ இல்ல. கேமரா அடியில மாட்டுற அந்தச் சின்ன பிளேட். ஒண்ணு தொலைஞ்சு போகும், இல்லேன்னா அதுல இருக்கிற திருகோட மரை தேஞ்சு போகும். பிளேட் இல்லாத ட்ரைபாட், சாவி இல்லாத பைக். அதுக்காகவே முழுசாத் தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர்.

அந்தத் திருகைப் பத்தி ஒரு தகவல். மெட்ரிக் முறையை உலகத்துக்குக் கொடுத்ததே பிரெஞ்சுக்காரங்க. அவங்க 1954 வரைக்கும் ஆண்ட ஊர் நம்ம ஊர். ஆனா இன்னிக்கும் கேமராவை ட்ரைபாட்ல மாட்டுற திருகு சுத்தமான இன்ச் கணக்கு! கால் இன்ச் விட்டம், ஒரு இன்ச்சுக்கு 20 மரை. தலையைக் காலோட சேர்க்கிற பெரிய திருகு 3/8 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 16 மரை. ஐ.எஸ்.ஓ. 1222ன்னு இதுக்கு உலகத் தரமே இருக்கு. ஜப்பான் கேமராவோ சீன ட்ரைபாடோ, எல்லாம் இதுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகணும்.

இதுல நமக்கு என்ன லாபம்? ஹார்டுவேர் கடைக்குப் போய், 'கேமரா ஸ்க்ரூ இருக்கா'ன்னு கேட்டா உதட்டைப் பிதுக்குவாங்க. 'அண்ணே, கால் இன்ச் போல்ட்டு, 20 மரை'ன்னு கேட்டுப் பாருங்க, டப்பாவோட எடுத்து முன்னாடி வைப்பாங்க. கடையில கிடைக்கிறது பெரும்பாலும் விட்வொர்த் மரை. கேமராவுல இப்போ இருக்கிறது யு.என்.சி. மரை. மரையோட கோணம் ஒண்ணுல 55 டிகிரி, இன்னொண்ணுல 60. ஆனா ரெண்டுக்கும் இன்ச்சுக்கு 20தான், கேமராக்கள்லயே முன்னாடி விட்வொர்த்தான் இருந்தது. அதனால அவசரத்துக்குத் தாராளமா கை கொடுக்கும்.

ஜாக்கிரதை எங்கேன்னா, அந்த டப்பாவுக்குப் பக்கத்துலயே எம்-6 போல்ட்டும் இருக்கும். பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. எம்-6 விட்டம் 6 மில்லிமீட்டர், கால் இன்ச் 6.35. மரை இடைவெளி ஒண்ணுக்கு 1 மில்லிமீட்டர், இன்னொண்ணுக்கு 1.27. எம்-6ஐத் திருகினா ஒரு சுத்து, ரெண்டு சுத்து போகும், அப்புறம் அடம் பிடிக்கும். 'இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு'ன்னு பலத்தைக் காட்டினீங்கன்னா, போகப் போறது அஞ்சு ரூபாய் போல்ட்டோட மரை இல்ல, கேமராவோட மரை! இன்னொண்ணு, பிளேட்டுக்கு மேல போல்ட்டு நீட்டிட்டு நிக்கிறது நாலரை, அஞ்சு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். நீளமா இருந்தா கேமரா அடிவயித்துல போய் முட்டும். நீளத்தை அரத்தால ராவிக் குறைச்சுக்கலாம், இல்லேன்னா ஒரு வாஷர் போடலாம்.

சரி, ட்ரைபாட் தலையில இருக்கிற மரையே போயிடுச்சுன்னா? லேத் பட்டறைக்குத்தான் போகணும். வில்லியனூர் சுத்துவட்டாரத்துலயும் பாகூர் பக்கமும் பட்டறைக்கு என்ன பஞ்சம்? பாகூர் புதுச்சேரியோட நெற்களஞ்சியம். டிராக்டரும் பவர் டில்லரும் ஓடுற ஊர்ல மரை போடத் தெரிஞ்ச கைகள் இல்லாமலா போகும்? 'ஓட்டையைப் பெருசாக்கி 3/8 மரை போட்டு, உள்ளே 3/8க்குக் கால் இன்ச் புஷ் இறக்கணும்'னு சொல்லுங்க. அந்தப் பித்தளை புஷ் கேமரா கடையில ரெடிமேடாவே கிடைக்கும். பைக் மெக்கானிக்குங்க ஸ்பார்க் பிளக் மரை போன இன்ஜினுக்குச் சுருள் கம்பி மாதிரி ஒரு இன்சர்ட் இறக்குவாங்க பாருங்க, அதே வைத்தியம் இதுக்கும் செல்லும்.

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஒரு போனஸ். உங்க சர்வே லேப்ல பழைய மர ட்ரைபாட் ஏதாவது கழிச்சுப் போட்டிருக்காங்களா? அதோட தலையில 5/8 இன்ச், 11 மரை. அதை 3/8 ஆக்குற அடாப்டர் ஒண்ணு போதும். தூக்கித் தோள் வலிச்சாலும், வெச்ச இடத்துல யானை மாதிரி நிக்கும். ஹெச்.ஓ.டி.கிட்ட முறையா கேட்டு எடுத்துக்கோங்க, அது உங்க பொறுப்பு.

கிளிப்பு, முறுக்கு, கைத்தடி ரப்பர்

கால் லாக் ரெண்டு ஜாதி. கிளிப் மாதிரி 'டக்'குனு மூடுறது ஒண்ணு, முறுக்கிப் பூட்டுறது இன்னொண்ணு.

கிளிப் டைப் நழுவினா, முதல்ல கிளிப்போட முதுகுப் பக்கத்தைப் பாருங்க. நிறைய மாடல்கள்ல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கால் சுத்து, அரை சுத்து டைட் பண்ணினா பழைய பிடி வந்துடும். ஆலன் கீ வேணும். பட்டறையில 'எல்.என். கீ'ன்னு கேட்டாத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. இந்த ஒரு ஸ்க்ரூவைக் கவனிக்காம டேப் சுத்தி வெச்சவங்களை நினைச்சாத்தான்... விடுங்க.

முறுக்கு டைப்புக்குள்ள மெல்லிசா ரெண்டு பிளாஸ்டிக் பிறைகள் இருக்கும். முறுக்கும்போது அதுதான் குழாயை இறுக்கிப் பிடிக்குது. அது தேஞ்சாலோ, நடுவுல மணல் புகுந்தாலோ வழுக்கும். ஒரு காலை மட்டும் கழட்டுங்க. மூணையும் ஒரே நேரத்துல கழட்டிப் பரப்பிட்டு, எது எங்கே போகும்னு சாமியை வேண்டிக்காதீங்க! கழட்டக் கழட்ட செல்போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. பிறைகளைச் சோப்புத் தண்ணியில கழுவி, நல்லாக் காய விட்டு மாட்டுங்க. ரொம்பத் தேஞ்சிருந்தா பிறைக்கும் குழாய்க்கும் நடுவுல ஓ.ஹெச்.பி. ஷீட்ல ஒரு துண்டு வெட்டிச் சொருகினா சில மாசத்துக்கு ஓடும்.

கிரீஸ் மரையில மட்டும், அதுவும் விரல்ல தொட்டு வெச்ச அளவு. பிடிக்க வேண்டிய இடத்துல கிரீஸ் தடவினா அது எப்படிப் பிடிக்கும்? நம்ம வீடுகள்ல எதுக்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வந்து நிக்கும். ட்ரைபாட் பக்கம் அதை விடாதீங்க. தூசியைக் கூட்டிச் சேர்த்துப் பிசின் ஆக்கிடும். ஸ்ப்ரே பண்ற துரு எண்ணெயை வீடியோ தலைக்குள்ள அடிக்கிறதும் வேண்டாம். அந்தத் தலை வழுவழுன்னு திரும்புறதுக்குக் காரணமே உள்ளே இருக்கிற கெட்டியான கிரீஸ். ஸ்ப்ரே அதைக் கரைச்சு வெளியே கொண்டு வந்துடும்.

கல்யாண வீடியோ ட்ரைபாட்ல குறுக்குப் பட்டையைப் பிடிக்கிற ரிவிட் தளர்றது ரொம்ப சகஜம். டிரில் போட்டு அந்த ரிவிட்டை எடுத்துட்டு, எம்-4 போல்ட்டு, ரெண்டு பக்கமும் வாஷர், நைலாக் நட்டு. உள்ளே நைலான் வளையம் இருக்கிறதால அந்த நட்டு ஆட்டத்துல கழண்டு வராது. சைக்கிள் கடை அண்ணன்கிட்ட கொடுத்தா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெடி. கம்பெனி போட்ட ரிவிட்டை விட இது மேல், ஏன்னா அடுத்த தடவை லூஸானா நீங்களே டைட் பண்ணிக்கலாம்.

ரப்பர் பாதம் தொலைஞ்சதா? கேமரா கடையில தேடாதீங்க. மெடிக்கல் ஷாப்புக்குப் போங்க! தாத்தா கைத்தடிக்கு அடியில போடுற ரப்பர் தொப்பி பல சைஸ்ல கிடைக்கும். குழாய் விட்டத்தை ஸ்கேல் வெச்சு அளந்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் போனாலும் மூணையும் சேர்த்து மாத்துங்க, உயரம் ஒரே மாதிரி இருக்கணும்ல.

இப்போ ஒட்டுறவங்க சங்கத்துக்கு வருவோம். உடைஞ்ச கிளிப்பை அஞ்சு ரூபாய் பசை போட்டு ஒட்டுறது நம்ம தேசிய வழக்கம். 'பட்'டுனு ஒட்டும், நிஜம்தான். ஆனா அந்தப் பசை இறுகினா கண்ணாடி மாதிரி. நேரா இழுத்தா தாங்கும், பிளக்குற மாதிரி இழுத்தாலும் திடீர்னு தட்டினாலும் விட்டுடும். கிளிப்புக்கு வர்றதெல்லாம் அந்த மாதிரி வேலைதான். காலேஜ்ல 3டி பிரின்டர் இருக்கா? அப்போ உடைஞ்ச துண்டை அளந்து வரைஞ்சு புதுசா பிரின்ட் எடுக்கலாம், மினி புராஜெக்ட் கணக்குலயும் சேர்த்துக்கலாம். பி.எல்.ஏ. மட்டும் வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே அது இளகிடும். மே மாசத்துல கதவு மூடி நிறுத்தின காருக்குள்ள பையை வெச்சுட்டு வந்தா, உங்க கிளிப் அல்வாவாத்தான் இருக்கும். பி.இ.டி.ஜி. அல்லது நைலான் போடுங்க. பிரின்ட் ஆகுற அடுக்குகள், இழுவை வர்ற திசையோட நீளவாக்குல படுத்திருக்கணும். குறுக்கே வந்தா பிஸ்கட் மாதிரி உடையும்.

ஆறு, ஏரி, கடல்

நம்ம பகுதியில ட்ரைபாடுக்கு வர்ற முக்கால்வாசி வியாதி மண்ணும் தண்ணியும்தான். ஊசுடு ஏரியை எடுத்துக்கோங்க. 2008ல புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமா அறிவிச்ச ஏரி. பொங்கல் சமயத்துல 2015லேர்ந்து வருஷா வருஷம் நடக்கிற பறவைகள் கணக்கெடுப்புக்குப் பைனாகுலரோட கிளம்புற நம்ம பசங்க நிறைய. தூரத்துல மிதக்கிறது எந்த வாத்துன்னு தெரிய ஸ்பாட்டிங் ஸ்கோப் வேணும். 40 மடங்கு பெருசாக்கினா ஆட்டமும் 40 மடங்கு. லூஸான ட்ரைபாடை வெச்சுக்கிட்டு எண்ணினா, பத்து வாத்து இருபதாத் தெரியும்!

ஏரிக்கரைச் சேறு, திருக்காஞ்சி மாசி மகத்துக்குச் சங்கராபரணி ஆத்து மணல், இதெல்லாம் கழுவினா போயிடும். தாமதம் பண்ணாம கழுவணும், அவ்வளவுதான். காலை மடக்குறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைங்க. மணலோட மடக்கினா அது உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கடைசிப் பகுதியை மட்டும் முதல்ல நீட்டினா, லாக் மூட்டு சேத்துக்கு மேல நிக்கும். 'ஒல்லிப் பகுதியை நீட்டாதே'ன்னு மேலே சொன்னதுக்கு இது மட்டும் விதிவிலக்கு.

கடல் கதை வேற. பாகூர் கொம்யூன்ல மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், பனித்திட்டுன்னு கடற்கரை கிராமங்கள் இருக்கு. சூரிய உதயம் எடுக்க அலைக்குள்ள ட்ரைபாடை இறக்குறது எல்லாருக்கும் ஒரு தடவை வர்ற ஆசை. அலுமினியக் காலு, அதுல இரும்புத் திருகு, நடுவுல உப்புத்தண்ணி... ரெண்டு வேற வேற உலோகமும் ஒரு உப்புக் கரைசலும் சேர்ந்தா என்ன ஆகும்? பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பேட்டரி! கரையுறது அலுமினியம். கொஞ்ச நாள்ல திருகைச் சுத்தி வெள்ளையா மாவு பூத்து, கழட்டவே வராம இறுகிடும். அன்னிக்கே, வீட்டுக்கு வந்த கையோட, பிரிச்சு நல்ல தண்ணியில அலசுங்க. நாளைக்குன்னு சொன்னா அந்த நாளை அலுமினியம் எடுத்துக்கும்.

எப்போ கைவிடலாம்?

எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நான் சொல்லல. மூணு காலும் சேருற உச்சிக் கட்டையில விரிசல் தெரிஞ்சா, அன்னிக்கே அதுல கேமரா ஏத்துறதை நிறுத்துங்க. அது அச்சுல வார்த்த உலோகம், இல்லேன்னா பிளாஸ்டிக். வெல்டிங் பட்டறையில சாதாரண ராடு வெச்சு அதை ஒட்ட முடியாது. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேணும். மலிவான வார்ப்புல அதுவும் நம்பிக்கையா பிடிக்காது. குழாய் நசுங்கி வளைஞ்சிருந்தாலும் கதை முடிஞ்சது. நிமிர்த்தினா அந்த இடம் முன்னைவிட வீக். நடுத் தண்டை ஏத்துற பிளாஸ்டிக் பல்சக்கரம் போனா மட்டும் அழ வேண்டாம். தண்டை இறக்கி நிரந்தரமா இறுக்கிடுங்க, ட்ரைபாடுக்கு அது நல்லதுதான்.

மரை, பிளேட், ரிவிட், ரப்பர், லாக் போனா ரிப்பேர். உச்சிக் கட்டையோ குழாயோ போனா புதுசு. கல்யாண வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும் என் தனிப்பட்ட கணக்கு இன்னும் கறார். ஒரே மூட்டு ரெண்டு தடவை ரிப்பேர் ஆயிடுச்சுன்னா, அந்த ட்ரைபாட் இனிமே போனுக்கும் லைட்டுக்கும்தான். ஓனர் கேமராவை அதுல ஏத்தாதீங்க. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாவுல பிரெஞ்சு கவர்னர் காலத்துலேர்ந்து இன்னிக்கு துணைநிலை ஆளுநர் வரைக்கும் வடம் பிடிக்கிறது வழக்கம். அந்தக் கூட்டத்துல தோள் இடிக்காத இடம் கிடையாது. அங்கே சந்தேகமான ட்ரைபாடோட போய் நிக்கிறதுக்குக் கையில பிடிச்சே எடுத்துடலாம்.

புதுசு வாங்குறதா முடிவாச்சுன்னா, கடையில நின்னுக்கிட்டு உயரத்தை மட்டும் பார்க்காதீங்க. 'எத்தனை ஸ்க்ரூ வெளியே தெரியுது?'ன்னு பாருங்க. தெரிஞ்சா கழட்டலாம். எல்லாமே பசை, ரிவிட், அமுக்கி மாட்டின பிளாஸ்டிக்னா, உடைஞ்சா உடைஞ்சதுதான். தலை தனியா கழண்டு வருதா, 3/8 திருகு இருக்கான்னு கேளுங்க. இருந்தா நாளைக்குத் தலை போனாலும் காலை வெச்சுக்கலாம். பிளேட் ஆர்கா-ஸ்விஸ் டைப்பான்னு கேளுங்க. நிறைய கம்பெனிங்க அந்த அளவுல செய்யுறதால, தொலைஞ்சா இன்னொண்ணு சுலபமா கிடைக்கும். சில ஆயிரம் கூட ஆகும்தான். ஆனா 1,500 ரூபாய்க்கு மூணு வாங்கினா 4,500 ஆகுது. நாலு வருஷ டிகிரி முடியுறதுக்குள்ள அந்தக் கணக்கு எல்லாருக்கும் புரிஞ்சுடும்.

இத்தாலியில பஸ்ஸானோ தெல் கிராப்பான்னு ஒரு சின்ன ஊர். அங்கே லினோ மான்ஃப்ரோட்டோன்னு ஒரு பத்திரிகை போட்டோகிராபர். லைட்டைத் தாங்குற ஸ்டாண்டெல்லாம் ரொம்பக் கனமா இருக்கேன்னு சலிச்சுப்போய் அவரே செய்ய ஆரம்பிச்சார். 1972ல ஜில்பெர்ட்டோ பத்தோக்கியோன்னு ஒரு டெக்னீஷியன் கூடச் சேர, 1974ல முதல் ட்ரைபாட் வந்தது. இன்னிக்கும் அந்த கம்பெனி தன்னோட ட்ரைபாட்களுக்குப் பாகம் பாகமாப் பிரிச்ச படமும் ஸ்பேர் நம்பரும் தருது. விலை நம்ம பாக்கெட்டுக்கு எட்டாதுதான். நான் சொல்ல வர்றது வேற. போட்டோ எடுக்கிறவனும் பட்டறைக்காரனும் ஒரே டேபிள்ல உட்கார்ந்தா கழட்டிச் சேர்க்கக்கூடிய பொருள் பிறக்குது. இங்கே நம்மகிட்ட ரெண்டு பேருமே இருக்காங்க, ஆனா நாம பட்டறை வாசலை மிதிக்கிறதே இல்லை.

சட்டமும் மெதுவா இந்தப் பக்கம் திரும்புது. 2022 ஜூலையில நம்ம மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக ஒரு குழு அமைச்சது. விவசாயக் கருவி, செல்போன் - டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு துறையைக் கையில எடுத்தாங்க. பிரான்ஸ்ல 2021 ஜனவரியிலயே செல்போன், லேப்டாப்புக்கெல்லாம் பத்துக்கு எத்தனை மார்க் ரிப்பேர் பண்ணலாம்னு ஒட்டி விக்கணும்னு ஆக்கிட்டாங்க. பாவம், ட்ரைபாட் ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல. அது பேப்பர் வரைக்கும் வர்றதுக்குள்ள நாம டிகிரி முடிச்சுடுவோம்!

பட்டறைக்குப் போகும்போது உடைஞ்ச துண்டை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. அது போய் உட்காருற ஜோடிப் பாகத்தையும், முடிஞ்சா நல்லா இருக்கிற இன்னொரு காலையும் காட்டுங்க. 'இந்த மாதிரி இதை ஆக்கணும் அண்ணே'ன்னா வேலை பாதி முடிஞ்சது. அறுவடை சீசன்ல மட்டும் போகாதீங்க, மெஷின் வரிசையில நிக்கும்போது உங்க ட்ரைபாடை யார் பார்ப்பாங்க?

காப்பாத்தவே முடியாததுன்னு முடிவாயிடுச்சா? காயலான் கடைக்கு அலுமினியம் போகட்டும். அதுக்கு முன்னாடி பிளேட், கிளிப், திருகு, ரப்பர் எல்லாத்தையும் கழட்டி ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு, மேல மாடல் பேரை எழுதி வைங்க. அதே மாடலோட பிளேட்டைத் தொலைச்ச ஜூனியர் ஒருத்தன், அடுத்த செமஸ்டர் கல்ச்சுரல்ஸுக்கு முதல் நாள் ராத்திரி உங்க ரூம் கதவைத் தட்டுவான்.